நாற்பது மில்லிமீட்டர்

இன்னும் நாற்பது மில்லிமீட்டர்தான் பாக்கி. அதில் எதை வைப்பது என்று தெரியாமல் காலை பதினோரு மணியிலிருந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிக்கொண்டிருக்கிறேன், ஐம்பத்தொரு வயதில் செய்கிற வேலையா இது என்று கேட்டால் இல்லைதான், ஆனால் இதற்கு இந்த அட்டைதான் தோது, கெட்டியாக இருக்கிறது, உயரமும் ஏறக்குறைய சரியாக வருகிறது, சுகிர்தா எந்தப் பத்திரிகையையும் தூரப் போடாமல் சேர்த்து வைக்கிறவள் என்பதால் எங்கள் வீட்டில் இதற்குப் பஞ்சமும் இல்லை. ஒவ்வொரு துண்டும் ஒரு மாட்யூல். மாட்யூல் என்றால் பெட்டிக்குள் திருகி மாட்டுகிற ஒரு பலகை, முகத்தில் நாலு குமிழ், ஏழெட்டு ஓட்டை, ஓட்டைக்கு ஓட்டை ஒயர் குத்திக்கொள்ள வேண்டியது, ஒன்று சத்தம் கொடுக்கும், ஒன்று அந்தச் சத்தத்தைச் செதுக்கும், ஒன்று அதைத் தூரத்தில் கேட்பதுபோல் ஆக்கும். பெட்டி மொத்தம் நானூற்றி இருபத்தேழு மில்லிமீட்டர் அகலம், அதற்குள் எதையெல்லாம் மாட்டுகிறேனோ அதுதான் என் சிந்தசைசர். கீபோர்டு என்றால் கடையில் மாடல் பெயரைச் சொன்னால் போதும், எவனோ ஜப்பானில் உட்கார்ந்து நமக்காக எல்லாவற்றையும் முடிவு செய்து வைத்திருப்பான். இங்கே எல்லாம் என் தலையில். டேனி நாளை ஊருக்கு வருகிறான், சுகிர்தாவின் தம்பி, ஸ்டுட்கார்ட்டில் கார் கம்பெனியில் இருக்கிறான், இதையெல்லாம் அங்கேயே வாங்கி அவன்தான் கொண்டுவர வேண்டும், காலையில் போன் பண்ணி, "அத்தான், நம்ம நேரத்துக்கு ஒன்றரைக்கு இங்க கடை தொறப்பான், அதுக்குள்ள லிஸ்ட் அனுப்பிருங்க, பொறவு அது இல்ல இது இல்லன்னு சொல்லப்பிடாது, சாயந்திரம் எனக்கு ஃபிளைட்டு" என்றான். அடுத்து அவன் வர இரண்டு வருஷம் ஆகும். வலது கை கத்தரிக்கோலை எவ்வளவு ஒழுங்காகப் பிடிக்கிறது என்று பார்த்துக்கொண்டே வெட்டுகிறேன். கத்தரிக்கோல் என்றால் ஒழுங்குதான். அதை இப்போது நினைக்க வேண்டாம்.

முதல் லிஸ்டைப் போட்டுவிட்டுப் போன வாரம் முழுக்கப் பெரிய ஆள் மாதிரித் திரிந்தேன். நாலு ஆஸிலேட்டர். ஆஸிலேட்டர்தான் குரல், அதுதான் சத்தத்தின் தாய், அதனால் புல்லாங்குழலுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, பாஸுக்கு ஒன்று, மணிச் சத்தத்துக்கு ஒன்று என்று எங்கள் மெல்லிசைக் குழுவுக்கு ஆள் எடுக்கிற மாதிரி எடுத்து அடுக்கியிருந்தேன், பார்க்க அம்சமாகவும் இருந்தது. நேற்று குளிக்கும்போது, பல்லில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு, அப்படியே நின்றுவிட்டேன். ஆஸிலேட்டர் மூச்சு விடாது. சுவிட்சைப் போட்ட நேரத்திலிருந்து அணைக்கிற நேரம் வரை வாயைத் திறந்தபடியே நிற்கும், அதன் வாயை மூடித் திறக்க விசிஏ என்று ஒரு கதவு தனியாக வேண்டும், அந்தக் கதவு ஒன்றுகூட என் லிஸ்டில் இல்லை. நாலு பாடகர்கள் வருஷக்கணக்காக ஒரே நேரத்தில் ஆ என்று நிற்பதற்கு ஒரு பெட்டி. இந்தத் தப்பை ஒரு மெல்லிசைக்காரன் மட்டும்தான் செய்வான். எங்களுக்கு மௌனம் என்பது ஆகாது, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அரை நிமிஷம் சத்தம் நின்றால் கோயில் கொடைக்கு வந்த கூட்டம் எழுந்து ராட்டினத்துப் பக்கம் போய்விடும், அதனால் பாடகர் தண்ணி குடிக்கும்போது, மைக் மாறும்போது, விழாக் கமிட்டித் தலைவருக்குத் துண்டு போடும்போதெல்லாம் கீபோர்டுக்காரன் நாலு சுரம் சேர்ந்த ஒரு கார்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், நான் இருபத்தாறு வருஷமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். சத்தத்தை நிறுத்த ஒரு சாமான் தேவைப்படும் என்று எனக்கு எப்படித் தோன்றும். இரண்டு ஆஸிலேட்டரைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டு கதவு வைத்தேன். வைத்த பிறகு அட்டைகளைப் பார்த்தால் என்னமோ வீட்டுக்குள் காற்று வந்த மாதிரி இருந்தது.

கொடைக்கானலுக்கு மட்டும் போகாமல் இருந்திருந்தால் இந்தக் கிறுக்கே பிடித்திருக்காது. ஒரு பணக்காரக் கல்யாணம், ரிசார்ட்டில், ஏழு மணிக்கு எங்கள் நிகழ்ச்சி, மூன்று மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். மாணிக்கவேல் அண்ணன், குழு அவருடையதுதான், ஸ்பீக்கர்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், நான் பாத்ரூம் தேடிப் போய் வழி தப்பி ஒரு சின்ன ஹாலுக்குள் நுழைந்தேன். ஆள் இல்லை. தரை முழுக்க யோகா பாய்கள், ஒரு ஓரத்தில் ஸ்டூல் மேல் ஒரு பெட்டி, கலர் கலராக ஒயர், குட்டிக் குட்டி விளக்குகள் எரிந்து எரிந்து அணைகின்றன, இரண்டு பக்கமும் ஸ்பீக்கர். சத்தம் வந்துகொண்டிருந்தது. நான் தொழில்காரன், ஒரு முன்னிசை கேட்டால் பாட்டு எந்த இடத்தில் எடுக்கும் என்று உடம்பு சொல்லும், அதனால் சுவரோரமாக நின்று பாட்டு எடுக்கட்டும் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. கீழே ஒரு சுரம் மெதுவாக வந்து போனது, மேலே மணி மாதிரி ஒன்று, இரண்டும் ஒரு தடவை சேர்ந்தன, சரி இதுதான் தாளம் என்று தொடையில் தட்டினேன், அடுத்த சுற்றில் சேரவில்லை, அதற்கடுத்து இன்னும் தள்ளி விழுந்தது, தட்டின விரல் நடுவழியில் நின்றது. ஐந்தே சுரம்தான். அந்த ஐந்தும் எனக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த ஐந்து, எத்தனை பாட்டில் எத்தனை ஆயிரம் தடவை அழுத்தியிருப்பேன், ஆனால் இந்த வரிசையில் கேட்டதில்லை, இந்த வரிசையில் என்றால் எந்த வரிசையில், ஒவ்வொன்றும் இப்போதுதான் யோசித்து வருவதுபோல வந்தது, வந்து சரியாக இருந்தது, அதற்கு முன்னால் வந்ததையெல்லாமும் சரியாக்கியது. ஜன்னலுக்கு வெளியே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. எப்போது பாட்டுக்காகக் காத்திருப்பதை விட்டேன் என்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு பெண் கையில் பஜ்ஜித் தட்டோடு உள்ளே வந்தாள், முப்பது வயதிருக்கும், அவளுடைய பெட்டிதான் அது. "எவ்வளவு நேரமா சார் இருக்கீங்க" என்று கேட்டாள். நான், "யாரும்மா வாசிக்கிறது" என்றேன். "யாரும் இல்ல சார், நான் சாப்பிடப் போயிருந்தேன், அதுவா போயிட்டிருக்கும்" என்றாள். "இப்ப மேல ஒண்ணு இறங்கி வந்துச்சே, அது மறுபடி எப்ப வரும்" என்று கேட்டேன். அவள் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே, "வராது சார்" என்றாள். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். என் கை மயிர் எல்லாம் எழுந்து நின்றது, பொய் சொல்லவில்லை, எனக்கு முன்னால் ஒன்று பிறந்து, நான் ஒருத்தன் மட்டும் பார்க்க, செத்துப் போயிருக்கிறது.

அன்றிரவு எங்கள் நிகழ்ச்சியில் நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும், யாரிடமும் சொல்லவில்லை, அட்டைகளிடமாவது சொல்லலாம். என் வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் கீபோர்டைக் கண்டால் உள்ளே சுருண்டுகொள்கின்றன. ஒன்றரை வருஷமாக. சோறு பிசையும்போது இல்லை, சட்டைப் பித்தான் போடும்போது இல்லை, பைக் பிரேக்கில் இல்லை, கீபோர்டுக் கட்டையில் வைத்தால் மட்டும், அதுவும் வேகமாகப் போகிற இடத்தில், யாரோ உள்ளேயிருந்து இழுக்கிற மாதிரி. யாருக்கும் தெரியாமல் மதுரையில் போய்க் காட்டினேன். டாக்டர் விரலை முன்னும் பின்னும் மடக்கிப் பார்த்துவிட்டு, "விரலுக்கு ஒண்ணுமில்ல, மூளை அந்த வேலைய மறக்குது, வாசிக்கிறவங்களுக்கு வரும், சிலருக்குப் போகும், பலருக்குப் போகாது" என்றார். போகாது என்கிற வார்த்தை பஸ்ஸில் திருமங்கலம் தாண்டியும் காதிலேயே இருந்தது. அப்புறம் என்ன செய்தேன், வேகமான ஓட்டங்களையெல்லாம் வீட்டில் மெதுவாக இடது கையால் வாசித்து, வேகத்தைக் கூட்டி, கீபோர்டு மெமரியில் ஏற்றி வைத்தேன். மேடையில் அந்த இடம் வரும்போது ஒரு பட்டனைத் தட்டிவிட்டு இரண்டு கையையும் கட்டை மேல் சும்மா ஆட்ட வேண்டியது. எங்கள் தொழிலில் ரெக்கார்டில் இருக்கிற மாதிரியே வாசிக்க வேண்டும், ஒரு சுரம் தப்பினால் கீழேயிருந்து எவனாவது ஓவென்பான், மெமரியில் ஏற்றினது தப்புமா. கொடைக்கானலில் மாப்பிள்ளையின் மாமா மேடைக்கே வந்து மாலை போட்டார். மாணிக்கவேல் அண்ணன் மைக்கில், "நம்ம எபனேசர் கை பறக்குது பாத்தீங்களா" என்றார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்பார்கள், எனக்கு இருட்டத்தான் செய்தது. மத்தியானம் ஒரு ஹாலில் ஆள் இல்லாமல் ஒரு பெட்டி நேர்மையாக வாசித்தது, ராத்திரி அடுத்த ஹாலில் ஒரு ஆள் உட்கார்ந்து வாசிப்பதுபோல் நடித்தான். வேனில் ஏறினதும் மாலையைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளினேன். வருகிற வெள்ளிக்கிழமை வள்ளியூர்ப் பக்கம் ஒரு கொடை, பதினெட்டுப் பாட்டு, அதில் பதினொன்றுக்கு மெமரி ஏற்றியாகிவிட்டது.

மணி பன்னிரண்டே முக்கால். அடுப்படியிலிருந்து சாளைக் குழம்பு வாசம் வருகிறது. மேசையில் ஒரே அகலத்தில் இரண்டு துண்டு தனியாகக் கிடக்கின்றன, இரண்டும் நாற்பது மில்லிமீட்டர், ஒன்றைத்தான் வைக்க முடியும். ஒன்று மிடி, அதை வைத்தால் என் கீபோர்டை இந்தப் பெட்டியோடு சேர்க்கலாம், நான் கட்டையில் எதை அழுத்துகிறேனோ அது பேசும். இன்னொன்று ரேண்டம், அதை வைத்தால் நான் தேவையில்லை. எத்தனை தடவை மாற்றி மாற்றி வைத்துவிட்டேன். மிடியை வைத்தால் மனசுக்கு ஒரு தைரியம், விரல் சரியானால் என்று ஒரு வழி திறந்திருக்கிறது, டாக்டர் சிலருக்குப் போகும் என்றும் சொன்னாரே, அந்தச் சிலரில் நான் ஏன் இருக்கக் கூடாது, சரி மிடி. உடனே அடுத்த நினைப்பு, அப்படியானால் இது இன்னொரு கீபோர்டுதானே, இதற்கும் ஒரு மெமரி, இதற்கும் ஒரு பட்டன், சரி மிடி வேண்டாம். எடுத்துவிட்டு மற்றதை வைக்கிறேன். வைத்ததும் மறுபடி மிடியைக் கையில் எடுத்துப் பார்க்கிறேன். அந்த ரேண்டம் துண்டுக்குள் என்ன நடக்கிறது என்று ராத்திரியெல்லாம் நெட்டில் தேடிப் படித்தேன். ஒன்றும் பெரிதாக இல்லையாம், ஒரு டிரான்சிஸ்டர், அதன் இரைச்சல். சும்மா கிடக்கிற எந்தப் பொருளுக்குள்ளும் எலக்ட்ரான்கள் சும்மா கிடப்பதில்லை, ஆடிக்கொண்டே இருக்கின்றன, இந்த மேசைக்குள், இந்த டம்ளருக்குள், நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே, யாரும் கேட்காமலே. அந்த ஆட்டத்தில் ஒரு கணத்தை அந்தப் பெட்டி எட்டிப் பிடித்து, இந்தா இவ்வளவு வோல்ட் என்று கொடுக்கும், அடுத்த மாட்யூல் அதைச் சல்லடையில் போட்டுச் சலித்து, பக்கத்தில் உள்ள சுரத்துக்குத் தள்ளிவிடும், ஐந்து சுரம் மட்டும்தான் நான் அனுமதிப்பேன், மற்றது அதன் பாடு. அப்படியானால் கொடைக்கானலில் நான் கேட்டது யாரை. கிரைண்டர் ஓடுகிற அதே கரண்ட், ஃபேன் சுற்றுகிற அதே கரண்ட், உள்ளுக்குள் இவ்வளவு வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் எங்கள் வீட்டுச் சுவருக்குள் பேசாமல் இருந்திருக்கிறது. நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது, சர்ச்சில் போதகர் ஐயர் பிரசங்கத்தில் ஆண்டவர் ஆறு நாள் வேலை செய்து ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்று சொல்லும்போதெல்லாம், ஓய்ந்திருந்து என்ன செய்தார் என்று சின்ன வயதில் கேட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன், இப்போது தோன்றுகிறது, ஓட விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்திருப்பார். கையைக் கட்டிக்கொள்ள எவ்வளவு தைரியம் வேண்டும். கை இருக்கும்போதே கட்டிக்கொள்வது வேறு, என்னை மாதிரிக் கை போனபின் கட்டிக்கொள்வது வேறு, இரண்டும் ஒன்றாகுமா, ஆகாது, ஆனால் கேட்கிற காதுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா. ரேண்டத்தை வைத்தேன். எடுத்தேன். மணி ஒன்று பத்து.

சுகிர்தா கையைத் துடைத்துக்கொண்டே வந்து மேசை ஓரத்தில் நின்றாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், சனிக்கிழமையும் விடைத்தாள் திருத்துகிற மாதிரித்தான் எதையும் பார்ப்பாள், இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு அட்டையாகப் படித்தாள். "எங்க அக்கா மக பத்திரிகையையா வெட்டினீங்க" என்றாள். "பின்பக்கம்தான் எழுதியிருக்கேன்" என்றேன். கடைசியில் காலியாக இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"எல்லாம் சரி, கட்டை எங்க? இதுல நீங்க எங்க வாசிப்பீங்க?"

மிடி என்று சொல்லி அந்தத் துண்டை எடுத்து அவள் விரலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கலாம், ஒரு நொடி வேலை. அவள் முகத்தைப் பார்த்தேன், பதிலுக்குத்தான் காத்திருக்கிறாள், வேறொன்றுமில்லை, கணக்கில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது என்று நினைக்கிறாள்.

"நான் வாசிக்கல சுகி. இனிமே வாசிக்க முடியாது."

அவள் சிரிக்கப் பார்த்தாள். நான் எழுந்து போய் முன் ரூமில் கீபோர்டைப் போட்டு, அவளைப் பக்கத்தில் நிறுத்தி, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஓட்டம் ஒன்றை வாசித்தேன். நாலாவது சுரத்தில் இரண்டு விரலும் மடங்கி உள்ளங்கைக்குள் போயின. திரும்ப வாசித்தேன். திரும்பவும் மடங்கின. அவள் குனிந்து விரல்களைப் பிடித்து நிமிர்த்தினாள், அவள் கையில் இருக்கும்போது அவை நிமிர்ந்துதான் இருந்தன, விட்டதும் கட்டையில் வைத்தேன், மடங்கின.

"எத்தன நாளா?"

"ஒன்றரை வருஷம்."

"ஒன்றரை வருஷமா ஒரே வீட்ல நான் யாரு உங்களுக்கு?" என்றாள். கோபம்தான், ஆனால் குரல் உடைந்துவிட்டது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் மதுரை டாக்டரைச் சொன்னேன், மெமரியைச் சொன்னேன், மாலையைச் சொன்னேன், சொல்லச் சொல்ல அவள் மெதுவாகக் கீபோர்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். என் கையை அவள் விடவில்லை. "அப்ப வெள்ளிக்கிழமை" என்றாள்.

டேனியிடமிருந்து போன். ஒன்று இருபத்தைந்து. நான் எழுந்து மேசைக்குப் போய் ரேண்டத்தை அந்த நாற்பது மில்லிமீட்டரில் வைத்து, இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன், அவன் திருப்பிச் சொன்னான், கடைசிப் பெயரை இரண்டு தடவை எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. "அவ்வளவுதானா அத்தான், வேற ஒண்ணும் வேண்டாமா" என்றான். வேண்டாம் என்றேன். போனை வைத்தபோது சுகிர்தா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள், கண்ணைத் துடைத்திருந்தாள். "மாணிக்கவேல் அண்ணனுக்கும் பேசிருங்க, பொறவு சாப்பிடலாம்" என்றாள். போட்டேன். மூன்று ரிங் போவதற்குள் வைத்துவிடலாமா என்று மூன்று தடவை நினைத்தேன்.

"சொல்லுடே எபி."

"அண்ணே, வெள்ளிக்கிழமைக்கு வேற ஆள் பாத்துக்கிடுங்க. கை வரமாட்டேங்குது. ரொம்ப நாளாச்சு. நான் மெமரில போட்டு ஓட்டிக்கிட்டு இருந்தேன்."

குழுவை விட்டே போ என்று சொல்வார், இருபத்தாறு வருஷம் கூட இருந்துவிட்டு ஏமாற்றினாயா என்பார், என்னவும் சொல்லட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"தூத்துக்குடில ஒரு பொண்ணு இருக்கு, நல்லா வாசிக்கா. ஆடி மாசமே சொல்லி வச்சாச்சு" என்றார். "நீயா சொல்லட்டும்னு இருந்தேன். நான் எப்படிடே உங்கிட்டச் சொல்லுவேன்."

மைக்கில் அவர் என் கை பறக்கிறது என்று சொன்னது எனக்காக என்பது அப்போதுதான் புரிந்தது. கூட்டத்துக்கு முன்னால் என்னைக் காப்பாற்றியிருக்கிறார், மாலை போட வந்தவனிடமிருந்து, என்னிடமிருந்தும்.

"வீட்ல உக்காந்திராத. வெள்ளிக்கிழமை வா. முன்னால சேர் போடச் சொல்லுதேன், உக்காந்து எங்களக் கேளு. இத்தன வருஷத்துல நீ ஒருத்தன்தான் நம்ம குழுவக் கேக்கவே இல்ல."

வாரேண்ணே என்றேன்.